வாய்க்குள் வளரும் குஞ்சுகள்: வீட்டுத் தொட்டியில் ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்கள்

தாய்க்கோழி தன் குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்துக் காக்கிறது. குரங்கு தன் குட்டியை வயிற்றோடு சேர்த்துச் சுமக்கிறது. மீன்களைப் பற்றி மட்டும், முட்டையிட்டதும் அவற்றின் கடமை முடிந்துவிடுகிறது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கெண்டை மீன்கள் லட்சக்கணக்கில் முட்டையிட்டு, அவற்றை ஆற்றுவெள்ளத்தின் பொறுப்பில் விட்டுவிடுவது உண்மையே. ஆனால், பத்திருபது முட்டைகளே இட்டு, அவற்றைத் தன் வாய்க்குள் அடைகாத்து, மூன்று வாரங்களுக்கு மேல் உண்ணாநோன்பு இருந்து குஞ்சுகளை வெளிவிடும் மீன்களும் உலகில் உண்டு. அத்தகைய மீன்களை நம் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, இந்த அற்புதத்தை நாள்தோறும் பார்க்கலாம். அதற்கு வேண்டிய அறிவியலைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

சிக்லிட் என்பது யாது?

சிக்லிட் என்பது ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். வண்ணமீன் கடைகளில் நாம் காணும் ஏஞ்சல் மீன், ஆஸ்கார், டிஸ்கஸ் ஆகியவை தென் அமெரிக்கச் சிக்லிட்டுகள். நெற்றி புடைத்த பிளவர்ஹார்ன், அமெரிக்கச் சிக்லிட்டுகளைக் கலந்து மனிதன் உருவாக்கிய கலப்பினம். நம் நாட்டுக்கே உரிய சிக்லிட்டுகளும் உண்டு. கேரளத்தில் விரும்பி உண்ணப்படும் கரிமீன் அவற்றுள் ஒன்று. நம் ஊர் ஏரிகளில் பிடித்து விற்கும் ஜிலேபிக் கெண்டை, அதாவது திலேப்பியா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சிக்லிட் ஆகும். ஆகவே, இக்குடும்பத்தார் நமக்கு முன்பின் அறியாதவர்கள் அல்லர்.

இக்குடும்பத்துக்கு ஒரு சிறப்பு உடலமைப்பு உண்டு. சிக்லிட்டுகளுக்கு வாயில் இருக்கும் தாடை போதாதென்று, தொண்டையிலும் நன்கு வளர்ந்த இரண்டாவது தாடை ஒன்று இருக்கிறது. இரையைப் பிடிக்கும் வேலையை முன்தாடை செய்கிறது. அரைக்கும் வேலையைத் தொண்டைத்தாடை செய்கிறது. இந்த வேலைப் பங்கீட்டால் முன்தாடைக்கு விடுதலை கிடைத்துவிட்டது. பாறைப் பாசியைச் சுரண்டவும், நத்தையைப் பிடுங்கவும், மணலைச் சலிக்கவும், ஏன், பிற மீன்களின் செதிலைக் கடித்துத் தின்னவும் ஏற்ற வகையில் அது இனத்துக்கு இனம் வெவ்வேறு வடிவம் எடுத்திருக்கிறது.

மூன்று ஏரிகள்

கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலப்பரப்பு மெல்லப் பிளந்து விலகிவருவதால் உண்டான நீண்ட பள்ளத்தாக்கில் டாங்கனிக்கா ஏரியும் மலாவி ஏரியும் அமைந்துள்ளன. டாங்கனிக்காவின் நீளம் ஏறத்தாழ 670 கிலோமீட்டர். பேராழம் 1,470 மீட்டர். மலாவி ஏரி ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளமும், 700 மீட்டர் ஆழமும் உடையது. விக்டோரியா ஏரி இவற்றினும் பரந்தது. சுமார் 68,800 சதுர கிலோமீட்டர். ஆனால் அதன் ஆழம் 80 மீட்டர் அளவே.

மலாவியில் மட்டும் 800க்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். டாங்கனிக்காவில் சுமார் 240 இனங்கள். இவற்றுள் பெரும்பாலானவை அந்தந்த ஏரியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. விக்டோரியா ஏரியின் கதை இன்னும் வியப்பானது. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் அந்த ஏரி வற்றிப்போனதற்கான சான்றுகள் அதன் அடிச்சேற்றில் கிடைத்துள்ளன. எனவே இன்றுள்ள நூற்றுக்கணக்கான இனங்கள், ஏரி மறுபடி நிரம்பிய அந்தக் குறுகிய காலத்துக்குள் பிரிந்து பெருகியவை எனக் கருதப்படுகிறது. பரிணாமக் கணக்கில் 15,000 ஆண்டு என்பது கண்ணிமைக்கும் நேரம்தான்.

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றவை பெரும்பாலும் மலாவி ஏரியின் பாறைக்கரைகளில் வாழும் சிறு மீன்கள். அவ்வூர் டோங்கா மொழியில் இவற்றை 'எம்புனா' என்பார்கள். நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று கடல்மீன்களுக்கு நிகரான நிறங்கள் இவற்றுக்கு உண்டு.

தொட்டியின் இயற்பியல்

முதலில் தொட்டியைப் பார்ப்போம். எம்புனா மீன்கள் இடத்துக்காகச் சண்டையிடுபவை. ஆகவே உயரமான தொட்டியைவிட நீளமான தொட்டியே வேண்டும். 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ளதைத் தொடக்க அளவாகக் கொள்ளுங்கள். 40 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றினால் அதன் கொள்ளளவு சுமார் 160 லிட்டர். எடை 160 கிலோகிராம். கண்ணாடி, மணல், பாறை ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்த எடை 200 கிலோவைத் தாண்டிவிடும். எனவே சாதாரண மேசைமீது வைக்கக் கூடாது.

முன்கண்ணாடியின் மேல் நீர் எவ்வளவு விசையுடன் அழுத்துகிறது? பள்ளியில் படித்த சூத்திரம் இங்கே உதவும். நீரின் அழுத்தம் மேற்பரப்பில் சுழி, 40 செ.மீ. ஆழத்தில் சுமார் 3,920 பாஸ்கல். சராசரி 1,960 பாஸ்கல். முன்கண்ணாடியில் நீர் படும் பரப்பு 0.36 சதுர மீட்டர். பெருக்கினால் விசை சுமார் 706 நியூட்டன் என வருகிறது. இது ஏறத்தாழ 72 கிலோ எடைக்குச் சமம். ஒரு பெரிய மனிதர் அந்தக் கண்ணாடியின் மேல் ஏறி நிற்பதைப் போன்றது! இக்கணக்கில் தொட்டியின் அகலம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தொட்டி எவ்வளவு அகலமாக இருந்தாலும் முன்கண்ணாடி தாங்கவேண்டிய விசை அதுவே. உயரத்தை இரு மடங்காக்கினாலோ விசை நான்கு மடங்காகிவிடும். 40 செ.மீ. நீருக்கு 8 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி பாதுகாப்பானது.

தொட்டியின் அடியில் தெர்மக்கோல் தகடு ஒன்றை விரியுங்கள். மேசையில் ஒரு சிறு மணல்துகள் இருந்தாலும், எடை முழுவதும் அந்தப் புள்ளியில் குவிந்து அடிக்கண்ணாடி விரிசல் விடக்கூடும். தெர்மக்கோல் அமுங்கிக்கொடுத்து எடையைப் பரப்பிவிடும். பாறைகளை அடுக்குவதிலும் ஒரு விதி உண்டு. முதலில் பாறை, பிறகு மணல். மணலைப் பரப்பி அதன்மேல் பாறையை வைத்தால், மண்ணைத் தோண்டும் பழக்கமுள்ள இம்மீன்கள் அடியிலிருக்கும் மணலை வாரிவிடும். பாறை சரிந்து கண்ணாடியில் மோதும்.

நீரின் வேதியியல்

மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் நீர் காரத்தன்மை உடையது. அதன் பி.எச். எண் பெரும்பாலும் 7.8 முதல் 9 வரை. "சிக்லிட்டுக்குக் கடின நீர் வேண்டும்" என்று கடைக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. டாங்கனிக்கா நீரில் உப்புகள் அதிகம். மலாவி நீரிலோ உப்புகள் மிதமாகவே உள்ளன. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பைகார்பனேட்டுகளால் வரும் காரத்தன்மையும் அதன் நிலைத்த தன்மையும்தான். நீரில் அமிலம் சேரும்போது பைகார்பனேட் அதை ஏற்றுச் சமன்செய்து, பி.எச். எண் விழாமல் பார்த்துக்கொள்கிறது.

நம் ஊர்களில் பல இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமாகவும் காரமாகவும் இருக்கிறது. டிஸ்கஸ் வளர்ப்பவருக்குத் தலைவலியாக இருக்கும் இந்நீர், ஆப்பிரிக்கச் சிக்லிட் வளர்ப்பவருக்கு வரப்பிரசாதம் எனலாம். ஆனால் குடிக்கவே முடியாத உவர்நீர் ஆகாது. அதனுடன் மழைநீரையோ சுத்திகரித்த நீரையோ கலந்துகொள்ள வேண்டும். குழாய்நீர் மென்மையாக இருந்தால், வடிகட்டியில் ஒரு சிறு வலைப்பையில் கிளிஞ்சல் ஓடுகளைப் போட்டு வையுங்கள். ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட் சிறிது சிறிதாகக் கரைந்து காரத்தன்மையைக் காக்கும். சிலர் பவளக்கல் தேடுவார்கள். பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். கிளிஞ்சலே போதும்.

நகராட்சி நீரில் குளோரின் கலந்திருக்கும். அது செவுள்களைத் தாக்கும். புகைப்படக்காரர்கள் 'ஹைப்போ' என்று அழைக்கும் சோடியம் தயோசல்பேட் இதற்கு மருந்து. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால், அதை நீக்கச் சுமார் 7 மில்லிகிராம் ஹைப்போ போதும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

புதிதாகத் தொட்டி வாங்கியவர்களின் மீன்கள் முதல் மாதத்திலேயே ஒவ்வொன்றாகச் செத்து மிதப்பது ஏன்? "ராசியில்லை" என்று சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். ராசி அல்ல, அம்மோனியா.

மீன் உண்ணும் புரதத்திலுள்ள நைட்ரஜன், செவுள் வழியே பெரும்பாலும் அம்மோனியாவாக வெளியேறுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 1 கிராம் தீவனம் இடுகிறீர்கள். அதில் 40 விழுக்காடு புரதம். புரதத்தில் நைட்ரஜன் 16 விழுக்காடு. ஆக, நைட்ரஜன் 64 மில்லிகிராம். அதில் பாதி அம்மோனியாவாக வெளியேறுவதாகக் கொண்டால், நாளுக்குச் சுமார் 39 மில்லிகிராம் அம்மோனியா உண்டாகும். 160 லிட்டர் நீரில் அது லிட்டருக்கு 0.24 மில்லிகிராம். ஐந்தே நாளில் லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் சேர்ந்துவிடும்.

இனிதான் சிக்லிட் வளர்ப்பவர் கவனிக்கவேண்டிய செய்தி வருகிறது. நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் அயனியாக இருப்பது அதிகத் தீங்கு செய்வதில்லை. அயனியாகாத அம்மோனியாவே கொடிய நஞ்சு. இவற்றின் விகிதத்தைப் பி.எச். எண்தான் தீர்மானிக்கிறது. 25 டிகிரி செல்சியசில், பி.எச். 7 ஆக இருந்தால் ஆயிரத்தில் 6 பங்கே நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 என்றால் 53 பங்கு. 8.5 என்றால் 150 பங்கு! நம் கணக்கின்படி ஐந்து நாளில் சேர்ந்த அம்மோனியாவில், நஞ்சு வடிவம் லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் ஆகிறது. 0.05 மில்லிகிராமைத் தாண்டினாலே செவுள்கள் பழுதுபடத் தொடங்கும். ஒரே அழுக்கு, மென்னீர்த் தொட்டியில் மீன்களைச் சோர்வடையச் செய்யும். சிக்லிட் தொட்டியில் கொன்றுவிடும்.

இதற்கு இயற்கையே வழி வைத்திருக்கிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. நைட்ரோஸ்பைரா என்னும் மற்றொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றினால் அதைக் கட்டுக்குள் வைக்கலாம். இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியின் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். எனவே மீன் விடுவதற்கு முன்பே தொட்டியை நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் சிறிது தீவனத்தைப் போட்டு அழுகவிடுங்கள். கடைகளில் கிடைக்கும் சோதனைக் கரைசலால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியாகிவிட்டதை உறுதிசெய்த பிறகே மீன்களை விடுங்கள். ஏற்கெனவே நன்கு நடக்கும் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சு கிடைத்தால் இக்காலம் குறையும். ஸ்பாஞ்சை ஒருபோதும் குளோரின் கலந்த குழாய்நீரில் அலசாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து அலசுங்கள்.

கோடை வந்தால்

மலாவி ஏரியின் மேற்பரப்பு நீர் பெரும்பாலும் 23 முதல் 28 டிகிரிக்குள் இருக்கும். நம் கோடையிலோ வீட்டுத் தொட்டி எளிதாக 32 டிகிரியைத் தொட்டுவிடும். வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3 மில்லிகிராமே. அதே வேளையில் மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு பெருகும் குடும்பத்தின் நிலைதான் இதுவும்!

மண்பானைத் தத்துவத்தை இங்கே பயன்படுத்தலாம். தொட்டியின் மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறி ஒன்றை வீசச் செய்யுங்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2,430 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 160 லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க 672 கிலோஜூலை வெளியேற்றினால் போதும். ஆகவே ஒரு லிட்டர் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் புகாதவரை, மூன்றரை டிகிரி வரை குறைய வேண்டும். அறையின் வெப்பம் உள்ளே புகுந்துகொண்டே இருப்பதால், நடைமுறையில் இரண்டு மூன்று டிகிரி குறைவதைக் காணலாம். அதுவே போதும்.

ஆவியாவது நீர் மட்டுமே. உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். நாள்தோறும் ஒரு லிட்டர் ஆவியாக, அதற்கு ஈடாக அதே கிணற்று நீரையே ஊற்றிவந்தால், நீரை மாற்றாத தொட்டியில் 160 நாளில் உப்பின் அளவு இரு மடங்காகிவிடும். எனவே ஆவியான நீரை மழைநீராலோ சுத்திகரித்த நீராலோ ஈடுசெய்யுங்கள்.

மின்வெட்டையும் மறக்கக் கூடாது. வடிகட்டி நின்றால் மீன்கள் மூச்சுத் திணறுவதோடு, ஸ்பாஞ்சிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் ஆக்சிஜன் இன்றி மடியத் தொடங்கும். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப்பம்பு ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

எந்த மீன்? எத்தனை?

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது லேபிடோகுரோமிஸ் செரூலியஸ் என்னும் மஞ்சள்நிற மீன். கடைகளில் 'எலெக்ட்ரிக் எல்லோ' என்று கேட்டால் கொடுப்பார்கள். சென்னை கொளத்தூர்ப் பகுதியில் வண்ணமீன் வளர்ப்பும் விற்பனையும் ஒரு பெரிய தொழிலாகவே நடக்கின்றன; அங்கு இம்மீனின் குஞ்சுகள் எளிதில் கிடைக்கும். எம்புனா இனங்களில் இது சாதுவானது. சுமார் 10 செ.மீ. வரை வளரும். குஞ்சுப் பருவத்தில் ஆண், பெண் வேறுபாடு தெரியாது. எனவே எட்டு முதல் பத்துக் குஞ்சுகளை ஒன்றாக வாங்கி வளருங்கள்.

ஒரு ஆணுக்கு மூன்று, நான்கு பெண்கள் இருப்பது நல்லது. ஒரே ஒரு பெண் இருந்தால் ஆண் அதை ஓயாமல் துரத்தித் துன்புறுத்தும். பல பெண்கள் இருந்தால் அத்தொல்லை பங்கிடப்பட்டுவிடும். பாறைகளைக் குகைகளாக, ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும்படி அடுக்குங்கள். தோற்ற மீன் எதிரியின் கண்ணில் படாமல் ஒதுங்க இடமிருந்தால் சண்டை தணியும். பார்வைக்கு அழகான மெலனோகுரோமிஸ் அவுரேட்டஸ் என்னும் வரிமீன், வளர்ந்தபின் மற்றவற்றை ஓடஓட விரட்டும் முரடன். அதைத் தொடக்கத்தில் தவிர்க்கவும்.

இடம் குறைவாக உள்ளவர்கள் டாங்கனிக்காவின் கிளிஞ்சல் சிக்லிட்டை வளர்க்கலாம். நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிபாசியேட்டஸ் என்னும் இம்மீன், சிக்லிட்டுகளிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று. ஆண் ஐந்து செ.மீ.க்கும் குறைவு, பெண் அதனினும் சிறிது. காலியான நத்தை ஓடுதான் இதற்கு வீடு, பிரசவ அறை, கோட்டை எல்லாம். நம் வயல்களில் கிடைக்கும் பெரிய நத்தையின் ஓடுகளை வேகவைத்துக் கழுவிப் போட்டால் மகிழ்ச்சியுடன் குடியேறிவிடும்.

உணவு

எம்புனாக்களுக்குப் பாறைமேல் படர்ந்த பாசியும் அதில் வாழும் நுண்ணுயிர்களுமே இயற்கை உணவு. அதற்கேற்ப அவற்றின் குடல் நீளமானது. ஆட்டு ஈரல், மாட்டிறைச்சி போன்றவற்றைக் கொடுத்தால் வயிறு வீங்கி மடியும் அபாயம் உண்டு. ஸ்பைருலினா கலந்த தீவனமே முதன்மை உணவாக இருக்கட்டும். வெந்து ஆறிய கீரை, தோலுரித்த பட்டாணி ஆகியவற்றையும் கொடுக்கலாம். மஞ்சள் மீன் பூச்சிப் புழுக்களையும் உண்ணும் இயல்புடையதால், வாரம் ஒருமுறை சிறிது இறால்தூளை ஏற்றுக்கொள்ளும். இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே இடவேண்டும். மீன் எப்போதும் பசியோடு இருப்பதுபோலவே கண்ணாடிக்கு அருகில் வந்து நிற்கும். அதற்கு மனம் இளகிவிடாதீர்கள்.

வாய்க்குள் ஒரு தொட்டில்

எட்டு மாதமோ ஓராண்டோ கழித்து ஒரு நாள், ஆண் மீன் நிறம் மெருகேறி, ஒரு பாறையருகே மணலைச் சுத்தம்செய்து, உடலை நடுங்கவைத்து ஆடத் தொடங்கும். இணங்கிய பெண் அங்கே வந்து, இரண்டும் வட்டமிடும். பெண் ஒன்றோ சிலவோ முட்டைகளை இடும். இட்டதும் சட்டெனத் திரும்பி அவற்றைத் தன் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும்.

முட்டை கருவுறுவதற்கு முன்பே வாய்க்குள் போய்விட்டதே, பிறகு எப்படி? ஆணின் குதத்துடுப்பைப் பாருங்கள். முட்டையைப் போன்ற மஞ்சள் புள்ளிகள் அதில் இருக்கும். ஆண் அத்துடுப்பை விரித்துக் காட்ட, பெண் அதை நோக்கி வாயைத் திறக்கிறது. அந்நேரத்தில் ஆண் விந்தை வெளியிட, வாய்க்குள்ளேயே முட்டைகள் கருவுறுகின்றன. பெண் அப்புள்ளிகளைத் தன் முட்டை என்று மயங்கியே கவ்வுகிறது என்று 1962இல் வோல்ப்காங் விக்லர் என்னும் ஜெர்மானிய விலங்கியலார் விளக்கம் தந்தார். பின்னர் நடந்த சோதனைகள், சில இனங்களில் புள்ளிகள் இல்லாதபோதும் கருவுறுதல் நடப்பதைக் காட்டின. எனவே அப்புள்ளிகளின் பயன் குறித்த ஆய்வு தொடர்ந்து வருகிறது.

பத்து முதல் முப்பது வரையிலான முட்டைகளைத் தாங்கிய தாயின் கீழ்த்தாடை பை போல் தொங்கும். உணவு இட்டாலும் அது வராது. அவ்வப்போது மெல்லுவதுபோல் வாயை அசைக்கும். அது தின்பதன்று, முட்டைகளைப் புரட்டி, எல்லாப் பக்கமும் ஆக்சிஜன் படச்செய்யும் வேலை. சுமார் மூன்று முதல் நான்கு வாரத்தில் குஞ்சுகள் தயாராகும். நீர் சற்றுச் சூடாக இருந்தால் நாள் குறையும்.

இரண்டு வாரத்துக்குப் பின், இரவு விளக்கணைத்த வேளையில், தாயை மெல்ல வலையில் எடுத்து, அதே நீர் நிரப்பிய சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். முன்பே மாற்றினால், அச்சத்தில் முட்டைகளை விழுங்கிவிடவோ துப்பிவிடவோ கூடும். சுமார் ஒரு செ.மீ. நீளமுள்ள குஞ்சுகள், பெற்றோரின் சிறு அச்சு போலவே வெளிவரும். இவ்வளவு பெரிதாகப் பிறப்பதால் முதல் நாளிலிருந்தே பொடித்த தீவனத்தையும், அப்போது பொரித்த ஆர்டீமியா இறால் குஞ்சுகளையும் உண்ணும். நோன்பிருந்து மெலிந்த தாயை உடனே மற்றவற்றோடு விடாமல், ஒரு வாரம் நன்கு உணவிட்டுத் தேற்றிய பிறகு விடுங்கள்.

கெண்டையின் லட்சம் முட்டைகளில் பிழைப்பவை மிகச் சில. சிக்லிட்டின் இருபது முட்டைகளில் பாதிக்கு மேல் பிழைத்துவிடலாம். எண்ணிக்கையை நம்புவது ஒரு வழி. பராமரிப்பை நம்புவது மற்றொரு வழி.

இந்தத் தாய்மையையும் ஏமாற்றும் மீன் ஒன்று உண்டு. டாங்கனிக்காவில் சினோடோன்டிஸ் மல்டிபங்டேட்டஸ் என்னும் புள்ளிக் கெளுத்தி, சிக்லிட்டுகள் முட்டையிடும் நேரத்தில் இடையே புகுந்து தன் முட்டைகளையும் இட்டுவிடும். சிக்லிட் தாய் தன் முட்டைகளோடு அவற்றையும் வாரி வாயில் வைத்துக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சுகள் முந்திப் பொரித்து, வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். காகத்தின் கூட்டில் முட்டையிடும் குயிலின் கதை, நீருக்குள்ளும் நடப்பதை ஜப்பானிய ஆய்வாளர் டெட்சு சாட்டோ 1986இல் வெளியிட்டார்.

ஒளியும் இனமும்

ஒரே ஏரியில் இத்தனை இனங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருப்பது எப்படி? பெண் மீன்கள் நிறம் பார்த்துத் துணையைத் தேர்வதே ஒரு முக்கியக் காரணம். ஒலே சீஹவுசன் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் விக்டோரியா ஏரியின் சிவப்பு, நீல இனங்களை ஆராய்ந்தனர். வெள்ளை ஒளியில் பெண்கள் தம் இனத்து ஆணையே தேர்ந்தன. நிற வேறுபாடு தெரியாத ஒற்றை நிற ஒளியில் அந்தத் தேர்வு மறைந்துபோயிற்று. ஏரி கலங்கி ஒளி மங்கிய இடங்களில், நிறங்களும் இனங்களும் குறைந்திருப்பதை 1997இல் அவர்கள் எடுத்துக்காட்டினர். ஏரிநீரின் கலங்கல் ஓர் இனத்தையே இல்லாமல் ஆக்கிவிட முடியும்!

நம் தொட்டிக்கும் இதில் பாடம் உண்டு. உறவு நெருங்கிய இனங்களை ஒரே தொட்டியில் அடைத்தால், அவை கலந்து கலப்பினக் குஞ்சுகள் பிறக்கும். இரண்டு தலைமுறையில் எது எந்த இனம் என்றே தெரியாமல் போய்விடும். எனவே இனப்பெருக்கம் செய்ய விரும்பினால் ஒரு தொட்டிக்கு ஓர் இனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலப்பினக் குஞ்சுகளைத் தூய இனம் என்று சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வதன்று. விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்னும் பெரிய கொன்றுண்ணி மீனைக் கொண்டுவிட்டார்கள். 1980களில் அது பெருகி, நீரின் மாசும் சேர்ந்துகொள்ள, சுமார் 200 சிக்லிட் இனங்கள் மறைந்தன. அவற்றுள் சில இன்று உயிரியல் பூங்காக்களிலும் ஆர்வலர்களின் தொட்டிகளிலும் மட்டுமே எஞ்சியுள்ளன. மலாவி ஏரியின் தென்கரையில் 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமான தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. எனினும், அதே ஏரியில் ஒரே ஒரு பாறைத்திட்டைச் சுற்றி வாழும் சவுலோசி என்னும் மீன், வண்ணமீன் வணிகத்துக்காக அளவுமீறிப் பிடிக்கப்பட்டதால் அழிவின் விளிம்புக்கு வந்தது. தொட்டியில் பிறந்த குஞ்சை வாங்குகிறவர், ஏரியில் ஒரு மீனைக் காக்கிறார்.

கடைசியாக ஒன்று. வளர்க்க முடியவில்லை என்றால் மீனை ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். கடையில் திருப்பிக் கொடுங்கள், நண்பருக்குக் கொடுங்கள். 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியாவும் வாயில் அடைகாக்கும் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான். நாம் மேலே வியந்து பாராட்டிய அதே தாய்மையே, அதை நம் ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் நாட்டு மீன்களுக்குப் போட்டியாகப் பெருகவைத்தது.

மாணவர்கள் தொட்டியருகே ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிடுங்கள். நீரின் வெப்பநிலை, பி.எச். எண், இட்ட தீவனம், முட்டையை வாயில் எடுத்த நாள், குஞ்சு வெளிவந்த நாள், குஞ்சுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துவாருங்கள். வெப்பநிலைக்கும் அடைகாக்கும் நாளுக்கும் உள்ள தொடர்பை ஒரு வரைபடமாக வரைந்து பாருங்கள். நான்கைந்து ஈற்றுகளின் கணக்கு சேர்ந்தால், அது நீங்களே செய்த ஓர் உயிரியல் ஆய்வாக இருக்கும்.